காளிகாட்டோடு திரும்பிவிடலாமா? கொல்கத்தா காட்சிசாலைகளில் தமிழருக்கு உறவான பொருள்கள்

ஊரிலிருந்து மைத்துனர் குடும்பமோ, பெரியப்பாவும் பெரியம்மாவுமோ வருவதாகத் தகவல் வந்தால், கொல்கத்தாத் தமிழ் வீடுகளில் சுற்றிப் பார்க்கும் திட்டம் ஒரு நிமிஷத்தில் தயாராகிவிடுகிறது. முதல் நாள் காலை காளிகாட். மறுநாள் தட்சிணேஸ்வரம், அங்கிருந்து கங்கையைத் தாண்டிப் பேலூர் மடம். மாலையில் விக்டோரியா நினைவு மண்டபத்துப் புல்வெளியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கும் ஃபிளாஸ்க் காப்பியும். நேரம் மிச்சமிருந்தால் நியூ மார்க்கெட். அதோடு விருந்தாளிகள் ரயில் ஏறிவிடுவார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. அம்பாளைத் தரிசிக்காமல் யார் திரும்புவார்கள்? ஆனால் லேக் மார்க்கெட் பக்கத்தில் இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களில்கூட, இந்த நகரத்தின் காட்சிசாலைகளுக்குள் முழுதாக ஒரு நாள் செலவழித்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். ‘அது அவங்க ஊர் சமாசாரம், நமக்கென்ன’ என்ற எண்ணம்தான் காரணம். உண்மையில், தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் சில முக்கியமான பக்கங்கள் எழும்பூரிலோ மதுரையிலோ இல்லை, சௌரங்கியிலும் எல்ஜின் ரோடிலும் அலிப்பூரிலும் கிடக்கின்றன.

மாய வீடு

சௌரங்கி சாலையில், பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நீண்ட வெள்ளைக் கட்டடமாக நிற்கிறது இந்தியன் மியூசியம். வங்காளிகள் காட்சிசாலையை ‘ஜாதுகர்’ என்கிறார்கள். மாய வீடு என்று பொருள். சென்னையிலோ எழும்பூர் மியூசியத்துக்குப் பாமர மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. பெயர் வைப்பதில் வங்காளிகளுக்குக் கொஞ்சம் கவிதை அதிகம், நம்மவர்களுக்குக் கிண்டல் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலேயே முதல் மியூசியம் இது. 1814-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, ஆசியாடிக் சொசைட்டியின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. எழும்பூர் மியூசியம் பிறந்தது அதற்கு 37 ஆண்டுகள் கழித்து, 1851-இல். இதைத் தொடங்கத் தூண்டியவர் ஆங்கிலேயர் அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நாதேனியல் வாலிச் என்ற டென்மார்க் நாட்டு வைத்தியர் அவர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஸ்ரீராம்பூர் அப்போது டேனிஷ்காரர்களின் குடியேற்றம். அங்கே வைத்தியராக வந்த வாலிச், 1808-இல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்தபோது கைதானார். விடுதலை பெற்ற பிறகு, தம்மிடமுள்ள பொருள்களைத் தந்து, ஒரு மியூசியத்தைக் கவனித்துக்கொள்ளவும் தயார் என்று சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து முளைத்ததுதான் இவ்வளவும்.

தஞ்சை, நாகை ஜில்லாக்காரர்களுக்கு இந்த டேனிஷ் சங்கதி உடனே பிடிபடும். ஸ்ரீராம்பூரும் நம் தரங்கம்பாடியும் ஒரே டேனிஷ் அரசின் கீழ் இருந்த சகோதர ஊர்கள். 1845-இல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஸ்ரீராம்பூரில் அவர்கள் கட்டிய செயின்ட் ஓலாவ் தேவாலயம் இடிந்து விழும் நிலைக்குப் போய், டென்மார்க் தேசிய மியூசியத்தின் ஒத்துழைப்போடு பழுது பார்க்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது. ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வரலாம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் அவசியம் போக வேண்டும்.

‘தானம்’ என்ற ஒரு சொல்

மியூசியத்துக்குள் நுழைந்தால் கூட்டம் நேரே எகிப்து மம்மியிடம் போகும். குழந்தைகளை அதிலிருந்து பிரிக்க முடியாது, பார்த்துவிட்டே வரட்டும். ஆனால் ஒரே ஒரு கூடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், பார்ஹூத் கூடத்துக்குப் போக வேண்டும்.

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் சத்னா அருகே, கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த பௌத்த ஸ்தூபத்தின் கல்வேலி அது. சுற்றுவட்டாரக் கிராமத்தார் ஸ்தூபத்தின் கற்களையும் செங்கல்களையும் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். 1873-இல் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, எஞ்சியதைக் கொல்கத்தாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். செந்நிறக் கல்லில் ஆளுயரத்துக்கு மேல் தூண்கள், குறுக்குச் சட்டங்கள், தோரணவாயில். அத்தனையிலும் கதைகள்.

அதில் ஒரு வட்டச் சிற்பம். அனாதபிண்டிகன் என்ற வணிகன் புத்தருக்காக ஜேதவனம் என்ற தோப்பை விலைக்குக் கேட்கிறான். தோட்டத்து நிலம் முழுவதையும் மூடக் காசு பரப்பினால்தான் தருவேன் என்கிறான் சொந்தக்காரன். வணிகனும் வண்டி வண்டியாகக் காசு கொண்டுவந்து பரப்புகிறான். அவிழ்த்துவிட்ட காளைகள், குடை சாய்த்த வண்டி, தரையில் சதுரக் காசுகளை அடுக்கும் ஆட்கள், எல்லாம் ஒரு வட்டத்துக்குள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மாட்டு வண்டி, நம் ஊர் மாட்டு வண்டியிலிருந்து அதிகம் மாறவில்லை. புத்தரை மட்டும் எங்கேயும் மனித உருவில் காண முடியாது. பாதச் சுவடு, சக்கரம், போதிமரம் இவைதான் அவர் இருக்கும் இடத்தைக் காட்டும்.

தூண்களில் சிறு சிறு எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்ன தூண் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் தானம் என்று கொடுத்தவர் பெயர். பல வரிகள் ஒரே மாதிரி இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியுமாக முடிவதைக் கூர்ந்து பார்த்தால் கண்டுகொள்ளலாம். அதைப் படித்தால் ‘தானம்’. நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

எழுத்துகளின் இந்தப் புதிர் அவிழ்ந்ததும் கொல்கத்தாவில்தான். நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்ஸெப், ஆசியாடிக் சொசைட்டியின் செயலாளராகவும் இருந்தார். சாஞ்சி ஸ்தூபத்தின் வேலியிலிருந்து பிரதி எடுத்து வந்த வாசகங்களும் இதேபோல் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்து, கோயிலுக்குக் கொடுத்தவர்கள் வேறு எதை எழுதியிருப்பார்கள், ‘தானம்’ என்றுதானே என்று ஊகித்தார். 1837-இல் பிராமி எழுத்தின் பூட்டு அந்தச் சொல்லால் திறந்தது. அதன் பின்னால்தான் அசோகன் பேசினான். பின்னர் மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டியதும், இன்று கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று நாம் வாசிப்பதும் அந்தச் சாவியின் வழி வந்தவைதான். கீழடியைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கொல்கத்தாத் தமிழர்கள், பார்ஹூத் தூண்களுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று வரலாம்.

இவ்வளவு அரிய செல்வத்தைக் காப்பதில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பரில் பட்டப்பகலில் ஒரு புத்தர் தலைச் சிற்பம் இங்கிருந்து களவு போயிற்று. இருநூறாம் ஆண்டு விழாவுக்காகக் கட்டடத்தைப் புதுப்பித்த வேளையில், 2013 டிசம்பரில், ராம்பூர்வா என்ற ஊரிலிருந்து வந்த அசோகர் காலத்துச் சிங்கத் தலைப்பு இடம் மாற்றும்போது சேதமடைந்தது. இரண்டாயிரத்து இருநூறு வருஷம் தாங்கிய கல், விழா அவசரத்தைத் தாங்கவில்லை!

மெக்கன்ஸியின் கல்லறை

மியூசியத்தை விட்டு வெளியே வந்து பார்க் ஸ்ட்ரீட்டில் திரும்பினால், ஒன்றாம் எண் கட்டடம்தான் 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கிய ஆசியாடிக் சொசைட்டி. ராஜஸ்தானின் பைராட்டிலிருந்து கொண்டுவந்த அசோகரின் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அதே தெருவில் கிழக்கே கோடி வரை நடந்தால் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம். 1767-இல் ஏற்பட்டது. மரநிழலில் கோபுரமும் ஸ்தூபியுமாகச் சமாதிகள். ஜோன்ஸின் சமாதி எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்கிறது. அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. காலின் மெக்கன்ஸியைத் தேடி வருகிறவர்கள் குறைவு.

தமிழருக்கு மெக்கன்ஸி வேண்டியவர். 1783-இல் சென்னைக்கு வந்த இந்த ஸ்காட்லாந்துக்காரர், நிலம் அளக்கும் வேலையோடு ஊர் ஊராகச் சுவடிகளையும் செவிவழிக் கதைகளையும் கல்வெட்டுப் பிரதிகளையும் சேர்த்தார். காவலி வெங்கட போரையா போன்ற நம் நாட்டுப் பண்டிதர்கள்தான் அவருக்குக் கண்ணும் காதும். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக உயர்ந்து கொல்கத்தாவுக்கு வந்து, 1821-இல் இங்கேயே காலமானார். அவருடைய சேகரிப்பை மனைவியிடமிருந்து கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதில் தென்மொழிப் பகுதி பின்னர் சென்னைக்குத் திரும்பி, இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. பாளையக்காரர் வரலாறு, கிராமக் கைபீதுகள் என்று எதைத் தொட்டாலும் அந்தச் சேகரிப்புக்குப் போகாமல் ஆராய்ச்சி நடக்காது. சேர்த்தவர் மட்டும் இங்கே தங்கிவிட்டார்.

எல்ஜின் ரோட்டு வீடு

பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோவில் தெற்கே மூன்றாவது நிலையம் நேதாஜி பவன். அங்கிருந்து சில நிமிஷ நடையில் எல்ஜின் ரோடு, இன்றைய லாலா லஜபதி ராய் சரணி, 38/2 எண் வீடு. கொல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரே ஒரு காட்சிசாலைக்குத்தான் போக முடியும் என்றால், மியூசியத்தைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இங்கே போகலாம்.

ஆங்கில அரசு வீட்டுக் காவலில் வைத்திருந்த சுபாஷ் சந்திர போஸ், 1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் இந்த வீட்டிலிருந்துதான் மாறுவேஷத்தில் வெளியேறினார். அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் காரை ஓட்டி, பீகாரின் கோமோ ரயில் நிலையம் வரை கொண்டு சேர்த்தார். வாண்டரர் என்ற அந்த ஜெர்மன் கார் இங்கேயே நிற்கிறது. 2017-இல் பழுது பார்த்துப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்தார்கள். நேதாஜியின் அறை, கட்டில், அவர் நடந்து வெளியேறிய வழியைக் காட்டும் பாதச் சுவடுகள் எல்லாம் இருக்கின்றன. கூட்டமும் ஆரவாரமும் இல்லாத வீடு. மாடிப்படி ஏறும்போதே குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

இந்த வீட்டுக்கு வங்காளிக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை தமிழனுக்கும் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1943-இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையின் தலைவி, சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் ‘ஐ.என்.ஏ. தாத்தா’ இல்லாத ஊர் குறைவு. அந்தத் தாத்தாக்கள் போனார்கள். பேரன் பேத்திகள் இந்த நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இதே வீட்டைப் பஸ்ஸில் தாண்டிப் போகிறார்கள்.

இல்லாமல் போன சோதனைச்சாலை

எல்லாச் சுவடுகளும் இப்படிக் காப்பாற்றப்படவில்லை. நகரத்தின் வடபகுதியில் பௌபஜார் தெரு, இப்போது விபின் பிஹாரி கங்குலி தெரு. 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இங்கே வந்து சேர்ந்தார் பத்தொன்பது வயது நிறையாத சி.வி. ராமன். டிராமில் போகும்போது, டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்கு முன்னும் பின்னும் அந்தச் சோதனைச்சாலைதான் அவருக்கு வீடு. 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, உலகம் இன்று ராமன் விளைவு என்று படிக்கும் உண்மை அங்கேதான் பிடிபட்டது. கூட நின்று உழைத்தவர் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு. திருச்சியில் பிறந்தவரும் ராமநாதபுரம் ஜில்லாக்காரரும் பௌபஜாரில் சேர்ந்து செய்த காரியம்!

கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. பழைய கட்டடம் இன்று இல்லை. 210-ஆம் எண் மனையில் ஒரு வணிகவியல் கல்லூரி நடக்கிறது. ராமன் விளைவைச் சிறப்பித்து அமெரிக்க ரசாயனச் சங்கம் 1998-இல் வழங்கிய நினைவுப் பலகை ஜாதவ்பூர் வளாகத்தில் இருக்கிறது. விளைவு பிறந்த மண்ணில் ராமனைத் தேடிப் போகும் பள்ளிப் பிள்ளை, நகைக் கடைகளையும் போக்குவரத்து நெரிசலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒவ்வொரு பிப்ரவரி 28-ஆம் தேதியும் தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடும் நாட்டில், அந்த ஓர் அறையையாவது விட்டுவைத்திருக்கலாம்.

பௌபஜாருக்கு வடக்கே போனால் ஜோராசாங்கோவில் தாகூர் பரம்பரை வீடு. 1861-இல் கவி பிறந்ததும் 1941-இல் கண் மூடியதும் இங்கேதான். இன்று ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் மியூசியம். அவர் உயிர் பிரிந்த அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வங்காளிகள் நிற்கும் நிலையைப் பார்த்தாலே போதும், வங்காளம் எப்படிப்பட்ட நாடு என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே முக்தாராம் பாபு தெருவில் 1835-இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மார்பிள் பேலஸ். இன்றும் அந்தக் குடும்பத்தார் வசிக்கும் வீடு என்பதால் சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சலவைக்கல், கண்ணாடி, கடிகாரம், சிலை என்று கண்ணைப் பறிக்கும் கூட்டம். அழகு என்பதைவிட ஆடம்பரம் என்பதே பொருத்தம்.

அலிப்பூரில் தமிழ் நூல்கள்

தெற்கே திரும்பி, அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு வருகிறவர்கள் எதிரிலுள்ள பெல்விடியர் தோட்டத்தை எட்டிப் பார்ப்பதில்லை. வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகை அது. 1953-இல் தேசிய நூலகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பி.எஸ். கேசவன் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வர வேண்டும். எல்லாப் பதிப்பகத்தாரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு கதை. ஆனாலும் தமிழுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதைவிட முக்கியம், பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை முடித்துக் கொடுத்தவர், சங்க இலக்கியப் பதிப்பில் கரை கண்டவர். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த அச்சு நூல்களும் சுவடிகளும் திருநெல்வேலியிலோ சென்னையிலோ தங்காமல் இந்த நூலகத்தை வந்தடைந்தன. நம்முடையது இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. இங்கேயே வசிக்கும் தமிழருக்கு அந்த வருத்தம் தேவையில்லை. வாசகர் அட்டை வாங்கினால் போதும்.

மாலையில் விக்டோரியாவுக்கு வழக்கம்போலப் போகட்டும். 1906-இல் அடிக்கல் நாட்டி 1921-இல் திறந்த அந்த மக்ரானாச் சலவைக்கல் மண்டபத்துக்குள்ளும் கொஞ்சம் நுழைய வேண்டும். தாமஸ் டேனியலும் அண்ணன் மகன் வில்லியமும் தீட்டிய ஓவியங்களின் பெருந்தொகுதி இங்கே இருக்கிறது. 1792-இல் மதுரை, திருச்சி, ராமேசுவரம் என்று தென்னாடெங்கும் சுற்றி வரைந்தவர்கள் அவர்கள். குழந்தைகள் சலித்துக்கொண்டால் குருசதய் சாலையிலுள்ள பிர்லா தொழில்நுட்ப மியூசியத்துக்கு அழைத்துப் போகலாம். 1959-இலிருந்து நடக்கும் அதில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை நிஜம் போலவே அமைத்திருக்கிறார்கள். தன்பாத், அசன்சோல் தமிழர்களின் பிள்ளைகள் அப்பாவின் வேலையை அங்கே புரிந்துகொள்வார்கள்.

இந்த நகரத்துப் பெரிய காட்சிசாலைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு விட்டுத் திங்களன்று லீவு போட்டு ஏமாறக் கூடாது.

ஜோக்காவில் ஒரு கதவு

அந்த குருசதய் சாலைக்குப் பெயர் தந்த குருசதய் தத்தர் ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி. ஜில்லா ஜில்லாவாக மாற்றலாகிப் போன இடங்களில், படித்தவர்கள் திரும்பிப் பார்க்காத கிராமத்துப் படச்சுருள்களையும் மண் பொம்மைகளையும் காந்தா என்னும் தையல் விரிப்புகளையும் சேர்த்தவர். 1941-இல் அவர் மறைந்த பிறகு, தெற்கு எல்லையில் ஜோக்கா பக்கமுள்ள பிரதசாரி கிராமத்தில் அவற்றுக்கென்று ஒரு மியூசியம் எழுந்தது.

கிழிந்த பழஞ்சேலைகளை அடுக்கி, அதே சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் தைப்பது காந்தா. இங்குள்ள காந்தாக்களில் புகழ் பெற்றது மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. கம்பெனிச் சிப்பாய்கள் உள்படத் தான் கண்ட உலகத்தையே ஊசியால் வரைந்து, தன் பெயரையும் நூலாலேயே எழுதி வைத்திருக்கிறாள். பாட்டியின் பழம்புடவையில் குழந்தைக்கு விரிப்புத் தைத்துப் போட்ட வீடுகளிலிருந்து வரும் தமிழ்ப் பெண்களுக்கு அதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மத்திய ஜவுளி அமைச்சகம் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த உதவித்தொகை 2017-இல் நின்றது. ஊழியர்கள் சம்பளமில்லாமல் தவித்தார்கள். மின்சாரக் கட்டணத்துக்கும் பூச்சி மருந்துக்கும்கூட வழியில்லாமல் போனால் துணி எத்தனை மழைக்காலம் தாங்கும்? இப்போது ஜோக்கா வழியில் மெட்ரோ ஓடுகிறது. தாகுர்புகூர் நிலையத்தில் இறங்கிப் போகலாம். கிளம்புமுன், அன்றைக்குக் கதவு திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.